‘சேர்வர் ஸ்டக்’: கரையோர அலுவலகங்களின் கணினிகள் ஏன் அடிக்கடி உறைகின்றன?

“சேர்வர் ஸ்டக் ஆகிட்டு, கொஞ்சம் இருங்க.”

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை, பிரதான வீதியோர அலுவலகங்களில் வரிசையில் நின்ற எவருக்கும் இந்த வசனம் புதிதல்ல. தவணைப் பணம் கட்ட வந்தவர், மருந்துக்கு பில் போட நிற்பவர், நெல் விற்ற கணக்கை முடிக்க வந்த விவசாயி என எல்லோரும் அந்தக் ‘கொஞ்சத்தை’ நின்றபடியே கழிக்கிறார்கள். உள்ளே ஒருவர் பவர் பட்டனை அழுத்துகிறார். பத்து நிமிடத்தில் எல்லாம் வழமைக்குத் திரும்புகிறது. மறுநாள் மீண்டும் அதே வசனம்.

நான் படித்தது ஊடகக் கற்கை, கணினிப் பொறியியல் அல்ல. ஆனால் சுயாதீனமாக எழுதுபவர்களுக்குக் கட்டுரை மட்டும் சோறு போடுவதில்லை. அலுவலகங்களுக்கு அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் வேலைகளுக்காக இப்பகுதியின் பல நிறுவனங்களில் வாரக்கணக்கில் இருந்திருக்கிறேன். அங்கெல்லாம் ஒரு விடயத்தைக் கவனித்தேன். பழுதைத் தேடுவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. ஒன்று ‘வைரஸ்’, மற்றையது ‘மெஷின் பழசு’. முதலாவது தீர்ப்பில், புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை பென் டிரைவ் போட்டதாகப் பழி சுமக்கிறது. இரண்டாவது தீர்ப்பில், நிறுவனம் கடன்பட்டுப் புதிய இயந்திரம் வாங்குகிறது. இரண்டு தீர்ப்பிலும் உண்மையான காரணம் அதே அறையில் அப்படியே இருந்துவிடுகிறது. சில மாதங்களில் புதிய சேர்வரும் உறையத் தொடங்குகிறது.

ஒரு சேர்வர் உறையும்போது எதை, எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும் என்பதை, இந்தக் கரையோரத்தின் நிலைமைகளை வைத்துத் தொகுத்திருக்கிறேன். பழுது பார்ப்பவருக்கு மட்டுமன்றி, அவருக்குக் காசு கொடுக்கும் அலுவலகத்துக்கும் இது உதவும்.

முதலில்: உறைந்தது எது?

‘ஸ்டக்’ என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய ஒரு நிமிடம் போதும்.

சேர்வருக்கு முன்னால் போய் நில்லுங்கள். மவுஸ் அசைகிறதா? விசைப்பலகையில் ‘நம் லொக்’ விசையை அழுத்தும்போது அதன் விளக்கு அணைந்து எரிகிறதா? இரண்டும் வேலை செய்தால் சேர்வர் உயிரோடுதான் இருக்கிறது. மற்றக் கணினிகளால் அதை எட்ட முடியவில்லை என்பதே பிரச்சினை. அப்போது பார்க்க வேண்டியது நெட்வேர்க் சுவிட்ச், கேபிள், அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் சிறிய அடப்டர் ஆகியவற்றை. சேர்வரையே மாற்றிய பின்னர், பழுது அந்தச் சிறிய அடப்டரில் இருந்தது தெரியவரும் சந்தர்ப்பங்களும் உண்டு.

மவுஸ் அசைகிறது, ஆனால் எதைத் திறந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஓரிரு நிமிடத்தில் தானாகவே சரியாகிறது என்றால் சந்தேகம் ஹார்ட் டிஸ்க் மீது அல்லது மென்பொருள் மீது விழ வேண்டும்.

மவுஸும் அசையவில்லை, விளக்கும் மாறவில்லை, திரையில் உள்ள நேரமும் நின்றுவிட்டது என்றால் இயங்குதளமே நின்றுவிட்டது. இந்த மூன்றாவது வகைக்குத்தான் மின்சாரம், வெப்பம், ஈரம், ரேம் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். திரையில் நின்றுபோன அந்த நேரம் ஒரு சாட்சி. பவர் பட்டனை அழுத்துவதற்கு முன் அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கொப்பியும் ஒரு பேனாவும்

நான் சில வாரங்கள் வேலை செய்த ஒரு தனியார் அலுவலகத்தில், கணக்குகளை வைத்திருந்த சேர்வர் வாரத்துக்குப் பல தடவை உறைந்தது. வைரஸ் மென்பொருள் மாற்றப்பட்டது, விண்டோஸ் புதிதாகப் போடப்பட்டது, பலனில்லை. பிறகு வந்த திருத்துநர் எதையும் கழற்றவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் ‘காக்கா’ என்று அழைத்த அந்த மனிதர் ஒரு பயிற்சிக் கொப்பியைக் கேட்டு வாங்கி, ஐந்து நிரல்களைக் கோடிட்டுக் கொடுத்தார்: திகதி, நேரம், அப்போது என்ன வேலை நடந்தது, ஏ.சி. இயங்கியதா, மின்சாரம் விட்டு வந்ததா.

மூன்று வாரத்தில் கொப்பி பேசத் தொடங்கியது. உறைவுகள் பெரும்பாலும் பிற்பகல் ஒன்றரைக்கும் மூன்றரைக்கும் இடையில் நடந்திருந்தன. வெள்ளிக்கிழமைகளில் ஒன்றுகூட இல்லை. வைரஸுக்கு வெள்ளிக்கிழமை தெரியாது. ஆனால் அலுவலகத்துக்குத் தெரியும். வெள்ளியன்று ஜும்ஆவுக்குப் போகும்போது சேர்வரை முழுமையாக நிறுத்திவிட்டுப் போவார்கள். மற்ற நாட்களில் லுஹர் தொழுகைக்கும் பகல் சாப்பாட்டுக்கும் எழும்பும்போது ஏ.சி.யை மட்டும் அணைத்துவிட்டுப் போவார்கள். சேர்வர் ஒரு மர அலுமாரிக்குள், கதவு மூடியபடி, தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்.

ஏ.சி.யை அணைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்ட நாடு இது. ஆளில்லாத அறையில் ஏ.சி. ஓடவிடுவது எந்தச் சிறிய நிறுவனத்துக்கும் நெஞ்சு பொறுக்காத காரியம். அலுமாரியிலிருந்து சேர்வர் வெளியே எடுக்கப்பட்டது. விசிறிகள் துப்புரவு செய்யப்பட்டன. சிபியூவின் மேல் காய்ந்திருந்த வெப்பப் பசை மாற்றப்பட்டது. சுவரில் காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்று பொருத்தப்பட்டது. கொப்பி தொடர்ந்து எழுதப்பட்டது. அடுத்த மாதப் பக்கம் வெறுமையாக இருந்தது. புதிய சேர்வருக்காக வாங்கி வைத்திருந்த விலைமனுக்கள் கோப்பிலேயே கிடந்தன.

அந்தக் கொப்பியை இன்னொரு விதத்திலும் பயன்படுத்தலாம். ரமழானில் அலுவலக நேரம் மாறுகிறது. உறைவு நேரமும் கூடவே மாறினால், காரணம் மனிதர்களின் பழக்கத்தில், அதாவது வேலைப்பளு, ஏ.சி., மின்பாவனை ஆகியவற்றில் இருக்கிறது. அலுவலக நேரம் மாறியும் உறைவு அதே நேரத்தில் வந்தால், கணினிக்குள்ளேயே அந்த நேரத்துக்கு ஏதோவொரு வேலை குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. வைரஸ் பரிசோதனையாகவோ தானியங்கிப் பிரதியெடுப்பாகவோ அது இருக்கலாம்.

மின்சாரம்: முதல் சந்தேகநபர்

இலங்கையில் வீட்டுக்கும் சிறிய அலுவலகங்களுக்கும் வழங்கப்படும் மின்னழுத்தம் 230 வோல்ட். அதிலிருந்து 6 வீதம் கூடலாம் அல்லது குறையலாம் என்பது விதி. அந்த எல்லைக்கு வெளியே போகும் கணங்களை நாம் விளக்கின் மினுக்கமாக மட்டுமே பார்க்கிறோம். கணினியின் பவர் சப்ளை, மின்சாரம் இன்றிச் சமாளிக்கக்கூடிய நேரம் ஏறத்தாழ 16 மில்லிசெக்கன் மட்டுமே. பவர் சப்ளை பழசானால் அதுவும் குறையும். ஒரு மினுக்கத்தில் சேர்வர் ரீஸ்டார்ட் ஆகலாம், அல்லது ஹார்ட் டிஸ்க் ஒரு கணம் தடுமாற முழு இயந்திரமும் உறைந்து நிற்கலாம்.

இதற்குத்தான் யூ.பி.எஸ். ஆனால் அலுவலகங்களில் பெரும்பாலும் யூ.பி.எஸ். பெட்டி இருக்கும், அதற்குள் உயிருள்ள பெட்டரி இருக்காது. மூடிய ஈய அமில பெட்டரிக்கு வழமையான ஆயுள் 3 முதல் 5 வருடங்கள். அந்தக் கணக்கு 20 முதல் 25 செல்சியஸ் பாகை வெப்பநிலைக்கானது. அதற்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணிப்பு. ஏ.சி. இல்லாத கல்முனை அறையொன்றில் 33 பாகை சாதாரணம். எனவே இங்கு இரண்டு வருடம் கடந்த பெட்டரியை நம்புவது தவறு.

பரிசோதிக்கும் முறை எளிது. அலுவலகம் மூடிய பின், பிரதியெடுத்துவிட்டு, சேர்வரை முறையாக நிறுத்துங்கள். யூ.பி.எஸ்.ஸில் ஒரு மேசை விளக்கையும் பழைய கணினி ஒன்றையும் பொருத்தி, சுவர் பிளக்கைக் கழற்றுங்கள். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். சில செக்கன்களில் அணைந்தால் உங்களிடம் இருப்பது யூ.பி.எஸ். அல்ல, பாரமான ஒரு பிளக் மட்டுமே.

இன்னும் இரண்டு விடயங்கள். லேசர் பிரிண்டரை யூ.பி.எஸ்.ஸில் பொருத்தவே கூடாது. அது சூடாகும் ஒவ்வொரு முறையும் இழுக்கும் மின்சாரம் யூ.பி.எஸ்.ஸைத் திணறடிக்கும். ஏ.சி.யும் சேர்வரும் ஒரே வயரில் இருந்தால், ஏ.சி. கொம்பிரசர் தொடங்கும்போதெல்லாம் மின்னழுத்தம் ஒரு கணம் விழும்; இரண்டுக்கும் தனித்தனி வயர் இழுப்பது மின்பணியாளருக்கு அரைநாள் வேலை.

மின்தடை முடிந்து மின்சாரம் திரும்பி வரும் கணமும் ஆபத்தானது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதைத் தொடர்ந்து நாடு முழுவதும் மின்சாரம் நின்றது நினைவிருக்கலாம். அத்தகைய பெரிய தடைக்குப் பிறகு மின்சாரம் வந்தவுடன் சேர்வரைப் போடாமல், விளக்குகள் நிலையாக எரிகின்றனவா என்று சில நிமிடங்கள் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது.

விண்டோஸ் சேர்வரில் ‘இவென்ட் வியூவர்’ என்ற பதிவேடு இருக்கிறது. அதில் 41 என்ற இலக்கத்துடன் ‘கேர்னல் பவர்’ என்று வரும் பதிவைக் காட்டி, பவர் சப்ளை போய்விட்டது என்று சிலர் தீர்ப்புச் சொல்வார்கள். அது சரியல்ல. முறையாக நிறுத்தப்படாமல் இயந்திரம் மீண்டும் தொடங்கியது என்பதே அதன் பொருள். உறைந்த சேர்வரை நீங்கள் பட்டனை அழுத்தி நிறுத்தினாலும் அதே 41 பதிவாகும். ஆகவே அது காரணம் அல்ல, விளைவு. அதற்குச் சற்று முன் என்ன பதிவாகியிருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும்.

வெப்பம், உப்பு, ஈரம்

தரவு நிலையங்களுக்கான அமெரிக்க வெப்பப் பொறியியல் அமைப்பான ‘ஆஷ்ரே’, கணினிக்குள் போகும் காற்று 18 முதல் 27 செல்சியஸ் பாகைக்குள் இருக்க வேண்டும் எனப் பரிந்துரைக்கிறது. நமது அலுவலகங்களில் பலவற்றில் ‘சேர்வர்’ என்பது உண்மையில் மேசைக் கணினி ஒன்றுதான். அது காகிதக் கட்டுகளுக்கு நடுவில், அலுமாரிக்குள், சில இடங்களில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும். சிபியூ சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மதர்போர்டின் மின்வழங்கும் பாகங்களுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் அந்தளவு பாதுகாப்பு இல்லை. அதனால்தான் வெப்பத்தால் வரும் பழுது சில நாள் ‘ஸ்லோ’ என்றும் சில நாள் ‘ஸ்டக்’ என்றும் இரு முகம் காட்டுகிறது.

வெப்பத்தோடு இந்தக் கரைக்கே உரிய இரண்டு எதிரிகள் இருக்கின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்கே வயல் பக்கமிருந்து புழுதியும், அறுவடைக் காலத்தில் நெல் தூசும் வருகின்றன. அவை விசிறியிலும் வெப்பத்தகட்டின் இடுக்குகளிலும் கம்பளம்போல் படிந்து காற்றை மறிக்கின்றன. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் பக்கமிருந்து ஈரமும் உப்பும் வருகின்றன. கல்முனையும் சாய்ந்தமருதும் நிந்தவூரும் கடலுக்கும் வயலுக்கும் இடையிலான ஒடுங்கிய நிலப்பட்டியில் அமைந்தவை. எந்தப் பக்கமிருந்து காற்று வீசினாலும் அது நம் கணினிக்குள் எதையோ கொண்டுவந்து சேர்க்கிறது.

உப்பின் குணம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காற்றின் சாரீரப்பதன் சுமார் 75 வீதத்தைத் தாண்டும்போது சமையல் உப்பு தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மாரியில் உப்புப் போத்தல் கசிவதை நம் அடுப்படிகளில் பார்க்கிறோமே, அதேதான் மதர்போர்டிலும் நடக்கிறது. காய்ந்திருக்கும்வரை தூசாக இருந்த உப்பு, ஈரமானதும் மின்சாரம் கடத்தும் மெல்லிய படலமாகிறது. செம்பு இணைப்புகள் பச்சை பூக்கின்றன. இரவு முழுக்க மூடியிருந்த அறையில் காலையில் சேர்வர் தொடங்க மறுப்பதும், சூடேறிய பின் ஒழுங்காக ஓடுவதும் இதன் அடையாளம்.

இங்கே பரவலாகச் செய்யப்படும் வைத்தியம், ரேமைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்து மீண்டும் போடுவது. உடனே வேலை செய்யும். ஆனால் அது முலாமைத் தேய்க்கிறது, துகள்களையும் விட்டுச்செல்கிறது. தேய்த்த ரேம் இரண்டு மாதத்தில் மீண்டும் அதே தொல்லை கொடுத்தால் பழுது ரேமில் இல்லை, அறையின் ஈரத்தில் இருக்கிறது. மின்சுற்றுகளுக்கான அல்கஹோலால் துடைத்து, நன்கு உலரவிட்டுப் போடுவதே சரியான முறை. சேர்வரைத் தரையிலிருந்து உயர்த்தி வைப்பது, கடல் பக்க யன்னலை மூடி வைப்பது, ஏ.சி. குளிரில் இருக்கும் இயந்திரத்தின் மேல் வெளி ஈரக்காற்று நேரடியாகப் படாமல் பார்ப்பது ஆகியவை செலவில்லாத தடுப்பு முறைகள். பவர் சப்ளைக்குள் பல்லியும் எறும்பும் குடியேறுவதும் இங்கு அபூர்வமல்ல. கழற்றித் துப்புரவு செய்யும்போது அதையும் பாருங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் பழக்கமில்லாதவர் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பின்னரும் உள்ளே ஆபத்தான மின்னேற்றம் தேங்கியிருக்கும்.

ஹார்ட் டிஸ்க்: மெதுவாகச் சாகும் பாகம்

ஒரு நிமிடம் உறைந்து தானாகவே விடுபடும் சேர்வரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஹார்ட் டிஸ்க். மேசைக் கணினிக்கான டிஸ்க் ஒன்றில் ஓரிடம் பழுதானால், அது அந்த இடத்தை மீண்டும் மீண்டும் வாசிக்க முயலும். அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை முழு அலுவலகமும் காத்திருக்கும். சேர்வர்களுக்கென்று தயாரிக்கப்படும் டிஸ்க் ஏறத்தாழ 7 செக்கனில் முயற்சியைக் கைவிட்டுப் பிழையை அறிவித்துவிடும். விலை வித்தியாசத்துக்கு இது ஒரு காரணம்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்யும் ‘ஸ்மார்ட்’ என்ற அட்டவணையை இலவச மென்பொருள்களால் வாசிக்கலாம். மாற்றி எழுதப்பட்ட பகுதிகள், வாசிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள் ஆகிய இரண்டு எண்களும் பூச்சியத்திலிருந்து கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுங்கள். தரவுப் பரிமாற்றப் பிழை எண் மட்டும் கூடினால் டிஸ்க் அல்ல, பெரும்பாலும் கேபிளே காரணம். விண்டோஸ் பதிவேட்டில் டிஸ்க் தொடர்பான 7, 129, 153 ஆகிய இலக்கங்கள் அடிக்கடி வருவதும் எச்சரிக்கை.

ஆனால் ‘ஸ்மார்ட் நல்லா இருக்கு’ என்ற ஒரு வார்த்தையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கூகுள் நிறுவனம் தனது டிஸ்க்குகளை வைத்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், செயலிழந்த டிஸ்க்குகளில் 56 வீதத்துக்கும் அதிகமானவை மிக முக்கியமான நான்கு ‘ஸ்மார்ட்’ அறிகுறிகளில் எதையும் காட்டியிருக்கவில்லை. அதாவது பாதிக்கு மேற்பட்டவை அந்த எச்சரிக்கை இல்லாமலே போயின.

வாங்கும்போதும் கவனம் தேவை. 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், சேமிப்பகப் பெட்டிகளுக்கென்று விற்ற ‘ரெட்’ வகை டிஸ்க்குகளில் சிலவற்றில், ஓடுகளை அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரவு எழுதும் முறை பயன்படுத்தப்படுவதை ஒப்புக்கொண்டது. இந்த வகை, தொடர்ச்சியாக எழுதும் வேலையில் திடீரெனத் திணறி நிற்கும். பெட்டியில் உள்ள பெயரை மட்டும் பார்க்காமல் மாதிரி இலக்கத்தைத் தேடிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

ரேம்

நேரமும் இல்லை, காலநிலையும் இல்லை, எந்த ஒழுங்குமின்றி உறைகிறது என்று கொப்பி காட்டினால் ரேமைச் சோதிக்க வேண்டும். ‘மெம்டெஸ்ட்’ என்ற இலவச மென்பொருளை பென் டிரைவிலிருந்து இயக்கி, ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். பத்து நிமிடச் சோதனை எதையும் நிரூபிக்காது. ஒரேயொரு பிழை வந்தாலும் அது பிழைதான். ரேம்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்துக் குற்றவாளியைப் பிரித்தெடுக்கலாம்.

கூகுளின் சேர்வர்களைப் பற்றிய 2009ஆம் ஆண்டு ஆய்வொன்றில், ஒரு வருடத்தில் 8 வீதத்துக்கும் மேற்பட்ட ரேம் துண்டுகளில் பிழைகள் பதிவாகியிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை, பிழையைத் தானே திருத்தும் ‘ஈ.சி.சி.’ வகை ரேம் என்பதால் யாருக்கும் தெரியாமல் சரிசெய்யப்பட்டன. மேசைக் கணினியைச் சேர்வராக வைத்திருக்கும் அலுவலகத்தில் அந்த வசதி இல்லை. அங்கே பிழை உறைவாக வெளியே வரும், அல்லது அதைவிட மோசமாக, சத்தமில்லாமல் கணக்கில் ஓர் எண்ணை மாற்றிவிடும்.

நாட்களை எண்ணும் பிழைகள்

இயந்திரம் எல்லாம் சரி, ஆனால் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை உறைகிறது என்றால் மென்பொருளைப் பாருங்கள். 2004 செப்டெம்பர் 14ஆம் திகதி அமெரிக்காவின் தென் கலிபோர்னியா வான்பரப்பில் விமானங்களோடு பேசும் தொடர்பு முறைமை மூன்று மணி நேரத்துக்கு மேல் செயலிழந்தது. நேரத்தை மில்லிசெக்கன்களில் எண்ணும் கணக்கொன்று 49.7 நாட்களில் தன் எல்லையை அடைந்து பூச்சியமாவதே அடிப்படைக் காரணம். 30 நாட்களுக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்ற நடைமுறை இருந்தது. அந்த முறை அது தவறவிடப்பட்டது.

2019 நவம்பரில் ஹியூலெட் பக்கார்ட் என்டர்பிரைஸ் நிறுவனம் வேறொரு எச்சரிக்கையை வெளியிட்டது. அதன் சில எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகள் சரியாக 32,768 மணித்தியாலங்கள், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணித்தியாலம் ஓடியதும் தரவோடு சேர்ந்து செத்துவிடும். உள்மென்பொருளைப் புதுப்பிப்பதே தீர்வு. ஒரே நாளில் பொருத்தப்பட்ட இரண்டு டிஸ்க்குகள் ஒன்றுக்கொன்று காவல் என்று நினைத்திருந்த அலுவலகத்தில் இரண்டும் ஒன்றாகவே போயிருக்கும்.

நமது அலுவலகங்களில் இதைவிடச் சாதாரணமான காரணங்களே அதிகம். சி டிரைவ் நிரம்பியிருக்கலாம். இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கலாம். கணக்கு மென்பொருள்கள் பல பயன்படுத்தும் மைக்ரோசொஃப்டின் இலவச தரவுத்தளமான ‘எஸ்.கியூ.எல். எக்ஸ்பிரஸ்’, 2022 பதிப்புவரை 10 ஜிகாபைட் எல்லையைக் கொண்டது. வருடக்கணக்காகச் சேர்ந்த கணக்குகள் அந்த எல்லையைத் தொட்டதும் புதிய பதிவுகளை அது ஏற்க மறுக்கும். கவுன்டரில் இருப்பவருக்கு அதுவும் ‘ஸ்டக்’ ஆகத்தான் தெரியும். இதற்குப் புதிய சேர்வர் தேவையில்லை. பழைய வருடங்களைத் தனியாகப் பிரித்து வைப்பதே தேவை.

திருத்துநரிடம் கேளுங்கள்

பழுது பார்க்க வருபவரிடம் இந்த நான்கு கேள்விகளைக் கேட்க அலுவலகத்துக்கு உரிமை உண்டு:

– எந்தப் பதிவை அல்லது சோதனையைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?

– ஒரே நேரத்தில் எத்தனை பாகங்களை மாற்றுகிறீர்கள்? மூன்றை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று ஒருபோதும் தெரியாது.

– கழற்றிய பழைய பாகத்தை எங்களிடம் தருவீர்களா?

– விண்டோஸை அழித்துப் போடுவதற்கு முன், எங்கள் தரவின் பிரதியை வேறொரு கணினியில் திறந்து காட்டுவீர்களா?

நல்ல திருத்துநர் இந்தக் கேள்விகளால் கோபப்படமாட்டார். நான்காவது கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் வரும்வரை சேர்வரில் யாரும் கை வைக்கக் கூடாது.

உறைவு ஓர் எச்சரிக்கை

அடிக்கடி உறையும் சேர்வர் நமக்கு ஓர் அவகாசத்தைத் தருகிறது. அது இன்னும் சாகவில்லை. அந்த அவகாசத்தில் பிரதியெடுக்காதவர்களுக்கு என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய இடங்களே சாட்சி. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க கிளவுட் மீது நடந்த கப்பம் கோரும் மென்பொருள் தாக்குதலில், அரசின் மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. அந்தக் காலப்பகுதிக்கு, இணைப்பிலிருந்து பிரித்து வைத்த பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டில் இருந்த மென்பொருளோ தயாரிப்பாளரின் ஆதரவு முடிந்துவிட்ட பழைய பதிப்பு. 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரச தரவு நிலையத்தில் பெட்டரி ஒன்றிலிருந்து தீப்பற்றியபோது, அரச ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் அழிந்தன. அதற்கும் வெளிப் பிரதி இருக்கவில்லை.

பிரதியெடுப்பில் உலகம் முழுவதும் பின்பற்றப்படும் எளிய விதி: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். சேர்வருக்குள்ளேயே இருக்கும் இரண்டாவது டிஸ்க் இந்தக் கணக்கில் சேராது. எப்போதும் பொருத்தியே வைத்திருக்கும் வெளி டிஸ்க்கும் போதாது. கப்பம் கோரும் வைரஸ் அதையும் பூட்டிவிடும். இரண்டு வெளி டிஸ்க்குகளை வாங்கி வாரம் மாற்றி வாரம் பயன்படுத்துங்கள். ஒன்று எப்போதும் அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஒரு கோப்பை அதிலிருந்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பிரதி, பிரதி என்ற நம்பிக்கை மட்டுமே.

‘வேறு இடம்’ என்பது பக்கத்துத் தெருவாக இருக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். உயிர்களோடு பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதிகளும் கணக்குப் புத்தகங்களும் கடலோடு போயின. உயிர் தப்பியவர்கள் தாங்கள் யார், தங்களுக்குரியது எது என்பதை நிரூபிக்க வரிசையில் நின்றார்கள். இன்று அந்தக் காகிதங்களின் இடத்தில் இருப்பது, அதே ஒடுங்கிய நிலப்பட்டியில், ஓர் அலுமாரிக்குள் ஓடும் ஒரு பெட்டி. அதன் ஒரு பிரதியாவது கண்டியிலோ கொழும்பிலோ உள்ள கிளையில், அல்லது நம்பகமான இணையச் சேமிப்பகத்தில், கடவுச்சொல்லிட்டுப் பூட்டப்பட்ட நிலையில் இருக்க வேண்டும்.

சேர்வர் அடுத்த முறை உறையும்போது இந்த ஒழுங்கை நினைவில் வையுங்கள். நின்றுபோன நேரத்தைப் படம் எடுங்கள். கொப்பியில் எழுதுங்கள். மீண்டும் தொடங்கியதும் முதல் வேலையாகப் பிரதியெடுங்கள். வைரஸா, வயதா, வெப்பமா, உப்பா என்ற விசாரணையை அதற்குப் பிறகு ஆறுதலாக நடத்தலாம்.